ஏடு தானாகப் பாடாது, டீச்சர்

கேள்வி: நான் அம்பாறையில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குப் பிள்ளைகள் பாடுவதற்காக ஒரு பாட்டு அமைத்திருக்கிறேன். லப்டொப்பில் ரீப்பர் என்ற, பாட்டுப் பதிந்து அமைக்கிற மென்பொருளை மருமகன் போட்டுத் தந்தான். அதில் தோடி ராகத்தில் ஒரு வயலின் முன்னிசை, நாதஸ்வரம், மத்தளம் எல்லாம் மிடியாகப் போட்டேன். கேட்டால் பழைய போன் ரிங்டோன் மாதிரி இருக்கிறது. நாதஸ்வரம் திருவிழாக் கடை ஊதுகுழல் போல, மத்தளம் தகர டின் போல. ஃபைலாக எடுத்தால் சத்தமே இல்லை, அதனால் போனை ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பதிவு செய்தேன். கீபோர்டில் அழுத்தினால் சத்தம் பிந்தித்தான் வருகிறது. நல்ல சவுண்ட் கார்ட் வாங்கினால் சரியாகுமா? விலை கூடிய மென்பொருள் வாங்க வேண்டுமா? சீட்டுக் காசு கையில் இருக்கிறது, செலவழிக்க முன் கேட்கிறேன். மிடி ஃபைலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

டீச்சர், முதலில் அந்தச் சீட்டுக் காசை அப்படியே வைத்திருங்கள். உங்கள் ஃபைலைத் திறந்து பார்த்தேன், இரண்டு மூன்று தரம் கேட்டும் பார்த்தேன். பாட்டு நன்றாக இருக்கிறது, முன்னிசையில் நீங்கள் நினைத்த தோடி எது என்பதும் எனக்கு விளங்குகிறது. அது கணினிக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சரி செய்யக் காசை விடப் பொறுமைதான் கூட வேண்டும்.

மிடி என்பது சத்தம் இல்லை. 1983இல் வேறு வேறு கம்பனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக வந்த ஒரு மொழி அது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டும்தான் அதற்குள் இருக்கிறது. நம் பக்கத்துக் கூத்து ஏட்டை நினைத்துப் பாருங்கள். ஏட்டில் வடமோடிப் பாட்டு முழுக்க எழுதியிருக்கும், ஆனால் ஏடு தானாகப் பாடாது. அதே ஏட்டை, கூத்துப் பழக்கி ஊறிப்போன ஓர் அண்ணாவியார் கையில் கொடுத்தால் ஒரு மாதிரி, நேற்று வந்த பொடியன் கையில் கொடுத்தால் இன்னொரு மாதிரி. அதனால் உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது: ஏட்டைப் பாடுகிற ஆளை மாற்றுவது ஒன்று, ஏட்டையே நன்றாக எழுதுவது மற்றது. எல்லாரும் முதல் வேலைக்குக் காசைக் கொட்டிவிட்டு இரண்டாவதைத் தொடுவதே இல்லை. என் அனுபவத்தில் சத்தம் உயிர் பெறுவது இரண்டாவதில்தான்.

இப்போது உங்கள் ஏட்டைப் பாடிக்கொண்டிருப்பவர் யார் தெரியுமா? விண்டோஸுக்குள்ளேயே வருகிற மைக்ரோசொஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சின்த், மிடிச் செய்தியைச் சத்தமாக்குகிற ஒரு மென்பொருள். பியானோ, வயலின், புல்லாங்குழல், ட்ரம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்களின் சத்தங்களை ஏறத்தாழ 3 எம்பி அளவான ஒரே ஃபைலில் அடக்கி வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது தொண்ணூறுகளில் ரோலண்ட் கம்பனி உருவாக்கிய சத்தங்கள். அன்றைய கணினிக்கு அது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு ஒரு போன் படமே அதைவிடப் பெரியது. 3 எம்பிக்குள் இத்தனை வாத்தியம் என்றால் ஒரு வயலினுக்கு எத்தனை துணுக்குக் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஒரு சின்னத் துணுக்கை இழுத்தும் சுருக்கியும் பல ஸ்வரங்களுக்குப் பாவிக்கிறது, அதனால்தான் ரிங்டோன் வாசம் அடிக்கிறது.

ஃபைலாக எடுத்தால் மௌனம் வருவதற்கும் காரணம் இதே ஆள்தான். அந்தச் சின்த் ரீப்பருக்கு வெளியே இருக்கிறது. ரீப்பர் அதற்குச் செய்தியை மட்டும் அனுப்புகிறது, சத்தம் ரீப்பருக்குள் திரும்பி வருவதில்லை. தன்னிடம் இல்லாத சத்தத்தை அது எப்படி ஃபைலில் எழுதும்? உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே எனக்கு முழு நோயும் விளங்கிவிட்டது. அப்புறம் போனை ஸ்பீக்கர் முன் வைத்து எடுத்ததால், ஏற்கனவே மெலிந்த சத்தம் லப்டொப் ஸ்பீக்கரில் ஒருதரமும் போன் மைக்கில் இன்னொருதரமும் அடிபட்டிருக்கிறது. கட்டை அழுத்தியதும் சத்தம் பிந்துவதில் பெரும்பகுதியும் இந்தச் சின்தின் குணம்தான்.

ஆகவே முதல் வேலை இதுதான். ரீப்பரில் வாத்தியத்துக்கு ஒன்றாக இருக்கிற வரிசைதான் ட்ரக், ஒவ்வொரு ட்ரக்கிலும் எது எங்கே போகிறது என்று காட்டுகிற ரவுட்டிங்குக்குப் போய், மிடி ஹார்ட்வெயார் அவுட்புட் என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். பிறகு சோர்ட்சாண்டோ என்ற இலவச பிளகினை, அதாவது ரீப்பருக்குள்ளேயே போட்டு ஓட்டுகிற சின்ன மென்பொருளை, இறக்கிக்கொள்ளுங்கள், பிளோக் என்ற கம்பனி தருகிறது. அதை ட்ரக்கின் எஃப்எக்ஸ் பகுதியில் போட்டு, அதன்மேல் ஒரு சவுண்ட்ஃபொண்ட் ஃபைலை இழுத்து விட்டால் வாத்தியங்களின் பட்டியல் வரும், தேவையானதைத் தெரிவு செய்யலாம். சவுண்ட்ஃபொண்ட் என்பது வாத்தியச் சத்தங்களின் பொட்டலம். தொண்ணூறுகளில் ஈமு, கிரியேட்டிவ் என்ற இரண்டு கம்பனிகளும் கொண்டுவந்த முறை, இன்றும் நன்றாக ஓடுகிறது. ஜெனரல்யூசர் ஜிஎஸ் ஏறத்தாழ 30 எம்பி, ஃப்ளூயிட் ஆர்3 ஏறத்தாழ 140 எம்பி, இரண்டும் இலவசம். டொங்கிள் டேட்டாவில்கூட ஜெனரல்யூசரை ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரத்தில் இறக்கிவிடலாம். இது நடந்த நிமிடத்திலேயே சத்தம் பத்துப் பதினைந்து வருடம் முன்னேறிவிடும், ஃபைலாக எடுத்தாலும் சத்தம் இருக்கும்.

அதிலேயே நின்றுவிடாதீர்கள். சவுண்ட்ஃபொண்ட் எல்லா வாத்தியத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிற பலசரக்குக் கடை. பாட்டில் முன்னுக்கு நிற்கிற ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கு மட்டும் அதற்கென்றே செய்த சத்தம் தேடுங்கள். தந்தி வாத்தியக் கூட்டத்துக்கு ஸ்பிட்ஃபயர் கம்பனியின் பிபிசி சிம்ஃபனி ஓர்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு இலவசமாகக் கிடைத்தது, சில நூறு எம்பிதான், 8 ஜிபி ராம் உள்ள லப்டொப் அதைத் தாங்கும். பியானோ வேண்டுமென்றால் சாலமாண்டர் என்று ஒன்று இருக்கிறது, யமஹா சி5 பியானோ ஒன்றைப் பதிவு செய்து செய்தது. ஒரே கட்டையை மெல்லத் தொட்டதிலிருந்து ஓங்கி அடித்தது வரை 16 படிகளில் எடுத்திருக்கிறார்கள். முழு வாத்தியக் கூட்டத்துக்கும் 3 எம்பி கொடுத்ததற்கும் ஒரு பியானோவுக்கு நூற்றுக்கணக்கான எம்பி கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காது உடனே சொல்லிவிடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடைகளில், பென் ட்ரைவ்களில், பூட்டு உடைத்த பிளகின்கள் கிடைக்கும். நான் தொடங்கிய காலத்தில் ஒரு கடையில் அப்படி ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டு, அதோடு வந்த வைரஸில் ஒரு பாலர் பாடசாலைப் பிள்ளைகள் பாடிய பதிவு முழுவதும் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளை இன்னொருதரம் கூட்டி வந்து பாட வைத்தோம், முதல் நாள் வந்த குரல் வரவில்லை. அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. இலவசமாகவே இவ்வளவு நல்லது கிடைக்கிறபோது அந்தப் பக்கம் போகாதீர்கள். ரீப்பரையும் 60 நாள் பாவித்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் 60 டொலர் கட்டுங்கள், தனியாள் பாவனைக்கு அதுதான் கட்டணம். காசு செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு.

சரி, சவுண்ட் கார்ட். மிடியில் செய்த பாட்டை ஃபைலாக எடுக்கும்போது வேலை முழுக்க கணினிக்குள் நடக்கிற கணக்கு. பிளகின் எந்தச் சத்தத்தைக் கொடுக்கிறதோ அதுதான் ஃபைலில் எழுதப்படும், சவுண்ட் கார்ட் அந்த வழியில் வருவதே இல்லை. மைக்கில் பதிவு செய்யவும், திருத்தமாகக் கேட்கவும், தாமதத்தைக் குறைக்கவும்தான் அது தேவை. தாமதத்துக்கு மட்டும் என்றால் அசியோ ஃபோர் ஓல் என்ற இலவச ட்ரைவரைப் போட்டு, பஃபரை, அதாவது கணினி சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்புகிற அளவை, 128 சாம்பிள் ஆக்கிப் பாருங்கள். செக்கனுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் அது மட்டும் 23 மில்லிசெக்கன், 128 என்றால் 3க்குக் கிட்ட. வாசிக்கிறவருக்கு 23 தெரியும், 3 தெரியாது. வாசித்து முடித்து மிக்ஸ் செய்யும்போது திரும்ப 1024க்குக் கூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளகின் கூடக்கூட டிக் டிக் என்று வெடிக்கும்.

இனித்தான் நான் ஆசையோடு எழுத வந்த பகுதி.

உங்கள் வயலின் முன்னிசையைத் திறந்து பார்த்தேன். எல்லா ஸ்வரத்துக்கும் வெலோசிட்டி, அதாவது கட்டையை அழுத்திய வேகம், 96. முதல் ஸ்வரம் 96, உச்சத்தில் நிற்கிற பஞ்சமம் 96, இறங்கி வந்து ஓய்கிற சட்ஜம் 96. எல்லாம் கட்டத்தின் கோட்டிலேயே சரியாக விழுகின்றன, எல்லாம் ஒரே நீளம். மவுஸால் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டீச்சர், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஏழு ஸ்வரத்தையும் ஒரே அழுத்தத்தில், ஒரே நீளத்தில், மூச்சு விடாமல் சொன்னால் நீங்கள் விடுவீர்களா? இரண்டாவது ஸ்வரத்திலேயே நிறுத்தி, பாடிக் காட்டுவீர்கள். அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும்.

வெலோசிட்டிக்கு 1 முதல் 127 வரை இடம் இருக்கிறது. நல்ல பிளகின்களில் அது வெறும் வொலியூம் இல்லை. மெல்ல அழுத்தினால் மெல்ல வாசித்த பதிவு வரும், ஓங்கி அழுத்தினால் ஓங்கி வாசித்த பதிவு வரும், நாதமே வேறு. நீங்கள் வைத்த 96இல் பெரும்பாலும் ஒரே படிதான் ஒலித்துக்கொண்டிருக்கும், மற்றப் பதிவுகள் எல்லாம் சும்மா கிடக்கும். மவுஸை விட்டுவிட்டுக் கீபோர்டில் கையால் வாசித்துப் பதியுங்கள். பிழை வந்தால் பரவாயில்லை, பிழையை மட்டும் பிறகு திருத்தலாம். பதிந்த பிறகு, ஸ்வரங்களைத் தாளக் கோட்டுக்கு இழுக்கிற குவாண்டைஸ் பட்டனை முழுதாக அமத்தாதீர்கள், 50 அல்லது 60 வீதம் போதும். தாளத்தில் கொஞ்சம் முன்னும் பின்னும் நிற்கிறதுதான் மனிதக் கை.

வயலின், நாதஸ்வரம், குழல் போன்றவற்றில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பியானோவில் அடித்த பிறகு சத்தம் தானாக அடங்குகிறது. வில்லும் மூச்சும் அப்படி இல்லை, ஸ்வரம் நிற்கிற நேரம் முழுவதும் கூடிக் குறைகிறது. வெலோசிட்டி தொடக்கத்தை மட்டும்தான் சொல்கிறது, அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல கண்ட்ரோலர்கள் இருக்கின்றன. 11ஆம் நம்பர் எக்ஸ்பிரஷன், 1ஆம் நம்பர் மொடுலேஷன். 7ஆம் நம்பர் வொலியூமை மிக்ஸுக்கு விட்டுவிடுங்கள், வாசிப்பின் ஏற்ற இறக்கத்துக்கு 11தான். உங்கள் முன்னிசையின் மூன்றாவது வரியில் நான்கு அட்சரம் நீளமாக ஒரு ஸ்வரம் நிற்கிறது அல்லவா, அதில் எக்ஸ்பிரஷனை 50இல் தொடங்கி, இரண்டாவது அட்சரத்தில் 105 வரை ஏற்றி, கடைசி அரை அட்சரத்தில் 40க்கு இறக்கிப் பார்த்தேன். வேறொன்றையும் தொடவில்லை, சத்தமும் அதே இலவச வயலின்தான். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தம்பி தலையைத் திருப்பி, யார் அண்ணே வாசிக்கிறது என்று கேட்டான். ஓர் ஆளுக்கு அந்த எண்ணம் வந்ததே எனக்குப் போதும்.

பிளகினுக்குப் பிளகின் இது மாறும். சிலவற்றில், முக்கியமாக பிபிசி டிஸ்கவர் போன்றவற்றில், 1ஆம் நம்பர் கண்ட்ரோலர்தான் மென்மையையும் பலத்தையும் தீர்மானிக்கிறது, அதைத் தொடாவிட்டால் எந்த வயலினும் உயிரில்லாமல்தான் இருக்கும். வாத்தியத்தைத் திறந்ததும் முதலில் 1, பிறகு 11, இரண்டையும் ஆட்டிப் பார்த்து எது எதைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி தோடி. நீங்கள் காந்தாரத்தை ஆட்டுவதற்கு ரி, க, ம என்று மூன்று ஸ்வரத்தையும் மாற்றி மாற்றிக் குட்டிக் குட்டியாக வைத்திருக்கிறீர்கள். எண்ணம் சரி, ஆனால் ஒவ்வொரு குட்டி ஸ்வரத்துக்கும் வில் புதிதாக விழுகிறது, அதனால் கமகம் வராமல் விக்கல்தான் கேட்கிறது. ஒரே ஒரு சாதாரண காந்தாரத்தை நீளமாக வையுங்கள், அதற்கு மேல், ஸ்வரத்தை ஏற்றி இறக்கி வளைக்கிற பிட்ச் பெண்ட் கோட்டை வரையுங்கள். பிட்ச் பெண்டின் வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் இறங்கினால் எங்கே நிற்போம்? சுத்த ரிஷபத்தில். இரண்டு ஏறினால் சுத்த மத்தியமத்தில். தோடிக் காந்தாரம் ஆடுகிற வெளி முழுக்க அந்த எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. எந்த அமைப்பையும் மாற்றத் தேவையில்லை. கோட்டை வரையும்போது சீரான அலையாக வரையாதீர்கள், முதல் ஆட்டம் மெதுவாகவும் பிறகு கொஞ்சம் வேகமாகவும், ஒவ்வொருதரமும் மத்தியமத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லாமல். அதைவிட நல்லது, உங்கள் கீபோர்டின் இடது பக்கத்தில் பிட்ச் சக்கரம் இருந்தால், வாயால் பாடிக்கொண்டே அதை விரலால் ஆட்டிப் பதிவது. வாயில் வருகிற கமகம் விரலுக்கு வர இரண்டு நாள் எடுக்கும், ஆனால் வரும். உங்களுக்கு ராகம் தொண்டையில் இருக்கிறது. ஆயிரம் டொலர் மென்பொருள் வைத்திருக்கிற எத்தனையோ பேரிடம் அது இல்லை.

ஒன்று கவனியுங்கள், பிட்ச் பெண்ட் அந்தச் சனலில், அதாவது அதே மிடி வழியில், ஒலிக்கிற எல்லா ஸ்வரத்தையும் சேர்த்தே ஆட்டும். ஆகவே தனி வயலினை ஒரு ட்ரக்கிலும், பின்னால் நிற்கிற சுருதியையும் கூட்டு வயலின்களையும் வேறு ட்ரக்கிலும் வையுங்கள். வரி முடிந்ததும் பெண்ட் நடுவுக்குத் திரும்பிவிட்டதா என்றும் பாருங்கள். உங்கள் ஃபைலில் ஓரிடத்தில் அது நடுவுக்கு வராமல் நின்று, அடுத்த பல்லவி முழுவதும் அரைக்கால் சுருதி கீழே ஓடுகிறது.

சுருதி என்றதும் இன்னொன்று. வேறொரு நாள் மோகனத்திலோ கல்யாணியிலோ பாட்டுப் போட்டால், தம்புரா ஒலியோடு கீபோர்டின் அந்தர காந்தாரம் கொஞ்சம் கூடி, உறுத்திக்கொண்டு நிற்பதைக் கேட்பீர்கள். அது உங்கள் காதின் பிழை இல்லை. கீபோர்ட் ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று சமமாக வெட்டி வைத்திருக்கிறது, அதனால் அந்தர காந்தாரம் 400இல் நிற்கிறது. தம்புராவின் நாதத்துக்குள் இயல்பாகப் பிறக்கிற காந்தாரமோ 386இல். அந்த 14 சென்ட்டை பிட்ச் பெண்டில் இறக்கலாம், நடுவான 8192இலிருந்து ஏறத்தாழ 570 கீழே. நின்று ஒலிக்கிற நீளமான காந்தாரங்களுக்கு மட்டும் செய்தாலே போதும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இப்படியான சுருதிக் கணக்குகளுக்குள் பல வருடம் கிடந்துதான் யாழ் நூலை எழுதினார், அது 1947இல் வெளிவந்தது. நாங்கள் 14 சென்ட்டுக்கு அலுத்துக்கொள்ளக் கூடாது.

நாதஸ்வரத்துக்கு வருவோம். ஜெனரல் மிடி என்ற 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் 128 வாத்தியங்கள், அவற்றில் நம் பக்கத்துக்கு என்று சொல்ல 105ஆம் நம்பர் சித்தார், 112ஆம் நம்பர் ஷெனாய், அவ்வளவுதான். நாதஸ்வரம் இல்லை. நீங்கள் போட்டது அந்த ஷெனாய். எவ்வளவு நல்ல சவுண்ட்ஃபொண்டிலும் ஷெனாய் நாதஸ்வரம் ஆகாது. என் பேச்சைக் கேட்டால் அந்த ட்ரக்கை முழுதாக எடுத்துவிடுங்கள். கோயிலுக்கு மேளம் வாசிக்க வருகிறவர்களிடம் ஒரு பகல் கேட்டு, இரண்டு வரி வாசித்துப் பதிந்துகொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் அந்த வரியைக் குழலுக்குக் கொடுங்கள். பொய்யான நாதஸ்வரத்தை நம் சனம் முதல் ஸ்வரத்திலேயே பிடித்துவிடும், காதோடு சேர்ந்து வளர்ந்த சத்தம் அது.

மத்தளமும் அதே கதைதான். 10ஆம் சனலில் இருக்கிற ட்ரம் வரிசையில் கொங்கா, பொங்கோ எல்லாம் உண்டு, மத்தளம் இல்லை, உடுக்கு இல்லை, தவில் இல்லை. நீங்கள் கொங்காவையும் டொம்மையும் கலந்து சமாளித்திருக்கிறீர்கள். ஆனால் டீச்சர், நாம் இருப்பது மட்டக்களப்பு, அம்பாறை. கூத்து ஆடுகிற ஊர் எது, அண்ணாவியார் யார் என்று எங்கும் தேடிப் போகத் தேவையில்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு மத்தளம் கட்டாயம் இருக்கும். அதை நீங்களே பதிந்து உங்கள் சொந்த மத்தள பிளகினைச் செய்துகொள்ளுங்கள். இது பெரிய விஞ்ஞானம் இல்லை.

சீமெந்து மண்டபத்தில் பதியாதீர்கள், எதிரொலி ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. மெத்தை, உடுப்பு அலுமாரி, திரைச்சீலை உள்ள ஒரு படுக்கையறை நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காகம் எழும்ப முன் விடிய நாலரை ஐந்துக்குப் பதிந்தால் மோட்டார் சைக்கிள் சத்தமும் இராது. நல்ல மைக் இல்லாவிட்டால் போன் போதும், ஆனால் அழுத்தாத வேவ் ஃபைலாகப் பதிகிற செயலி ஒன்றைப் போட்டு, இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். மத்தளத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தோல் இரண்டுக்கும் நடுவில். ஒவ்வொரு சொல்லையும், அதாவது ஒவ்வோர் அடி வகையையும், தனித்தனியாக, மெல்ல நாலு தரம், நடுத்தரமாக நாலு தரம், ஓங்கி நாலு தரம் வாசிக்கச் சொல்லுங்கள், ஒவ்வோர் அடியும் முழுதாக அடங்கும் வரை அடுத்தது வேண்டாம். ஏன் நாலு தரம் என்றால், ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரிக் கேட்கும். மனிதக் கை ஒரே அடியை இரண்டுதரம் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ரீப்பருக்குள்ளேயே ரியாசாம்ப்ளோமேட்டிக் 5000 என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் ஒவ்வொரு பதிவையும் ஒரு கட்டைக்குக் கொடுத்து, இந்த வெலோசிட்டியிலிருந்து இந்த வெலோசிட்டி வரை என்று எல்லை வைக்கலாம். ஒரே சொல்லின் நாலு பதிவை நாலு கட்டையில் வைத்து விரலை மாற்றி மாற்றி வாசியுங்கள்.

சுருதி ஒத்துவராவிட்டால் ஒரு அரைச்சுரம், மிஞ்சினால் இரண்டு, ஏற்றி இறக்கலாம். அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் வாளி ஆகிவிடும், அதைவிடப் பாட்டின் சுருதியை மத்தளத்துக்கு மாற்றுவது மேல். உடுக்கை மட்டும் இப்படிச் சொல் சொல்லாகப் பதிய முடியாது. நடுவில் கயிற்றை நெரிக்க நெரிக்க அதன் சுருதி வழுகிப் போகிறதே, அதுதான் அதன் உயிர், ஆகவே நாலு நாலு தாள வட்டமாக முழுதாகப் பதிந்து வெட்டிப் பாவியுங்கள். கோயில் உடுக்கு என்றால் முதலில் சடங்கு நடத்துகிற பூசாரியான கப்புகனாரிடம் கேட்டுவிடுங்கள், சடங்குக்கு வெளியே எடுக்க விடாத இடங்களும் இருக்கின்றன, அதை மதிக்க வேண்டும். மத்தளம் வாசிக்கிறவருக்குச் சீட்டுக் காசிலிருந்து ஒரு நல்ல தொகை கொடுங்கள், பாட்டு ஒலிக்கும்போது அவர் பெயரையும் சொல்லுங்கள். அந்தக் காசுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

மிக்ஸில் அதிகம் சொல்ல இல்லை. பிளகின் ஒவ்வொன்றும் வேறு வேறு அறையில் பதிந்த சத்தத்தோடு வருகிறது, அதனால் வயலின் ஓர் இடத்திலும் மத்தளம் இன்னோர் இடத்திலும் நிற்கிற மாதிரிக் கேட்கும். பிளகின்களுக்குள் இருக்கிற, எதிரொலி சேர்க்கிற ரிவேர்பைக் குறைத்துவிட்டு, ஒரே ஒரு ரிவேர்பைத் தனி ட்ரக்கில் போட்டு, எல்லா வாத்தியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு அனுப்புங்கள். எல்லாரும் ஒரே மண்டபத்துக்குள் வந்து உட்காருவார்கள். வயலினிலும் குழலிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே அவர்களுக்கு வேலை இல்லை.

கோயிலில் ஒலிக்கப் போவது கூம்பு ஸ்பீக்கரில் என்பதை மறக்காதீர்கள். அதில் அடிச்சத்தம் ஏறக்குறைய வராது, இடது வலது என்ற பேச்சும் இல்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்து மோனோவாகத்தான் போகும். ஹெட்ஃபோனில் அகலமாக, பஞ்சு மாதிரிக் கேட்கிற கோரஸ் எஃபெக்ட் எல்லாம் மோனோவில் ஒன்றையொன்று தின்று மெலிந்துவிடும். உங்கள் கூட்டு வயலின்களில் அது நிறைய இருக்கிறது. மாஸ்டர் ட்ரக்கில் மோனோ பட்டனை அமத்தி ஒருதரம் முழுப்பாட்டையும் கேளுங்கள், எது காணாமல் போகிறதோ அதைத் திருத்துங்கள். கோயில் முற்றத்துக்கென்று ரிவேர்பைப் பாதியாகக் குறைத்து, பிள்ளைகளின் குரலைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்து, தனியாக இன்னொரு ஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளி தன் எதிரொலியைத் தானே போட்டுக்கொள்ளும். இரண்டையும் 24 பிட் வேவாக எடுத்து, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். போனில் அனுப்ப 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஃபைல் போதும்.

விலை கூடிய கீபோர்ட் வாங்கும் யோசனையும் உங்களுக்கு இருந்தால், இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருக்கிற தொடு உணர்வுள்ள கீபோர்டிலிருந்து யூஎஸ்பி வழியாக வருவது மிடிச் செய்திதான், அந்தச் செய்தி விலை கூடிய கீபோர்டிலிருந்து வந்தாலும் அதேதான். மிடி 2.0 என்று 2020இல் புதிய வடிவம் வந்திருக்கிறது, இன்னும் நுணுக்கமான அளவுகள் உண்டு, ஆனால் உங்கள் பாட்டு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் முன்னிசையின் மூன்றாவது வரியை நான் எக்ஸ்பிரஷனும் பெண்டும் போட்டுத் திருத்திய ரீப்பர் ஃபைலாகத் திருப்பி அனுப்புகிறேன். மற்ற வரிகளைத் தொடவில்லை, உங்கள் தோடி உங்கள் கையால் வரட்டும். மத்தளம் பதியப் போகிற நாள் முடிவானதும் சொல்லுங்கள். என்னிடம் ஒரு மைக்கும் ஸ்டாண்டும் பெரும்பாலும் சும்மாதான் நிற்கின்றன, கல்லடிப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன், சடங்கு முடிந்து திருப்பித் தந்தால் போதும்.